பரிமளா வீட்டு இரண்டாவது ஞாயிறு

பரிமளா செத்த செய்தி பரிமளாவின் போனிலிருந்தே எனக்கு வந்தது. சனிக்கிழமை காலை, மணி எட்டு இருக்கும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். போனில் அவள் முகம் வந்தது. மறுநாள் இரண்டாவது ஞாயிறு. முதல் நாளே கூப்பிட்டு, "நாளைக்கு என்னக்கா வைக்கட்டும்?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்பது அவள் வழக்கம். நான் எதைச் சொன்னாலும் வேறொன்றுதான் வைப்பாள். அதனால் எடுத்த எடுப்பிலேயே, "ஏன்டி, நான் கத்தரிக்கான்னா நீ பூசணிக்காதானே போடப்போற, அப்புறம் எதுக்குக் கேக்குற?" என்றேன்.

பதிலுக்கு வந்தது அவள் வீட்டுக்காரர் செல்வராஜின் குரல்.

"அக்கா, பால் பாக்கெட் எடுக்கக் கீழ போனா. ஏறி வர்றப்ப பாதிப் படியில உக்காந்துட்டா. கூப்பிட்டேன். எந்திரிக்கல."

"தண்ணி குடுத்தீங்களா தம்பி? டாக்டர்ட்ட..."

"டாக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டாருக்கா."

அவ்வளவுதான் சொன்னார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. கையில் பாதி ஆய்ந்த காய் இருந்தது. அதை என்ன செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பரிமளாவைத் தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். முப்பதாம் நாளுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு சிறு புத்தகம் அடிக்கிறோம், நல்லவிதமாக நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று அவள் தம்பி என்னைக் கேட்டார். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துப் பிழையைப் பார்த்தது என் பேத்தி. காலேஜில் தமிழ் எடுத்துப் படிக்கிறாள், எங்கள் குடும்பத்தில் அந்தப் படி ஏறிய முதல் பெண். அவள் எழுத்தைத்தான் திருத்தினாள், சொன்னதைத் திருத்த நான் விடவில்லை. நல்லவிதமாக மட்டும் எழுத என்னால் முடியவில்லை. பரிமளா போன மறுநாள் நாங்கள் செய்த காரியத்தால் செல்வராஜின் உயிரும் போகப் பார்த்தது. அந்த ஆபத்து இன்னும் முழுசாக விலகவில்லை. அதைச் சொல்லாமல் அவளைப் பற்றி நாலு வார்த்தை சொன்னால் அது பொய்யாகிவிடும்.

அந்த வீட்டைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். உறையூரில் ஒரு சந்துக்குள் மாடி வீடு. ஒரு கூடம், ஒரு அடுப்படி, பின்னால் குளிக்கிற இடம். கூடத்தில் கட்டில், பீரோ, தையல் மெஷின், டிவி எல்லாம் போக மிச்சம் இருக்கும் இடத்தில் ஒரு பாயை முழுசாக விரிக்க முடியாது. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குச் செல்வராஜ் கட்டிலைத் தூக்கிச் சுவரோடு நிறுத்துவார். மெத்தை மடிந்து இரண்டு பேருக்கு இருக்கையாகும். தையல் மெஷின் மூடியில் தண்ணீர்ப் பானை உட்காரும். ஏழு மணிக்கு அந்தக் கூடத்தில் ஒன்பது பேர், சில மாதம் பத்து பேர், தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருப்போம். பரிமளா அடுப்படி நிலையில் உட்காருவாள். சோறும் குழம்பும் அவள் கையிலிருந்து கிளம்பி, ஒவ்வொரு கையாக மாறி, வாசல் படியில் உட்கார்ந்திருப்பவர் வரை போகும். பரிமாறுவதற்கென்று யாரும் எழுந்திருக்கக் கூடாது.

"முட்டி இடிக்குதே பரிமளா" என்று ஒரு நாள் யாரோ சொன்னார்கள்.

"இடிக்கட்டும். தள்ளித் தள்ளி உக்காந்தா கோர்ட்டுல சாட்சி சொல்ல வந்த மாதிரி இருக்கும்" என்றாள்.

பெரிய விருந்து என்று எதுவும் கிடையாது. ஒரு குழம்பு, ஒரு பொரியல், ரசம், அப்பளம். எல்லாரும் சாப்பிட வேண்டும் என்பதால் எப்போதும் சைவம். புதிதாக வருகிறவர்களிடம், "விருந்துன்னு நெனச்சு ஏமாந்துராதீங்க. நாங்க சாப்பிடுறதுதான் உங்களுக்கும்" என்று முதலிலேயே சொல்லிவிடுவாள்.

பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துக் காட்டுவது அவள் வேலை. இருபத்தெட்டு வருஷம். காலை ஒன்பதரைக்கு நின்றால் சாயங்காலம் வரைக்கும் நிற்க வேண்டும். விற்கிற பெண்களுக்கு அங்கே ஸ்டூல் கிடையாது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது. அவள் கெண்டைக்கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கும். நான் ஒரு நாள் எண்ணெய் தடவிவிட்டபோது, "நின்னே முக்காவாசி ஆயுசு போச்சுக்கா. எங்க வீட்டுல ஒருத்தர் நிக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றாள். அந்தச் சாப்பாடு எதற்காக நடந்தது என்று கேட்பவர்களுக்கு எனக்குத் தெரிந்த பதில் அதுதான்.

அவளை நான் முதலில் பார்த்ததும் அந்தக் கடையில்தான். என் மகன் வீட்டு விசேஷத்துக்குப் புடவை பார்க்கப் போய், நாற்பது புடவையைப் பிரிக்கச் சொல்லி, ஒன்றுகூட எடுக்காமல் வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் அவள் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். என் பையை நகர்த்தி, "இப்படி உக்காரும்மா" என்றேன். கண்ணைத் திறந்தாள்.

"காலையில நாப்பது புடவை பிரிச்சுக் காட்டுனேனே, அந்த அக்காதானே நீங்க?"

"ஆமா. ஒண்ணும் எடுக்கல."

"நல்லவேளை எடுக்கல. அதுல ஒண்ணுகூட உங்களுக்கு நல்லாவே இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உறையூர் பஸ் வருவதற்குள் அவள் என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். நான் கூப்பிட்டவுடன் போகிற ஆள் இல்லை. என் ஆயுசில் அடுத்தவர் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட நானாகக் கேட்டு வாங்கிக் குடித்ததில்லை. அம்மா அப்படி வளர்த்தாள், நானும் அதைப் பெருமையாகவே வைத்திருந்தேன். மூன்றாவது தடவை அவள் போனில் கூப்பிட்டபோதுதான் போனேன். படியேறும்போதே சொன்னாள்: "மூணாவது தடவைதான் வருவீங்கன்னு மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சுது. அதான் முதல் ரெண்டு தடவையும் அரிசியே போடல." பதினோரு வருஷமாயிற்று.

வெறுங்கையோடு வர வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். ஆரம்பத்தில் அப்படி இல்லை. எல்லாரும் ஏதாவது வாங்கிப் போவோம். சுவீட் பாக்ஸ், பூ, பழம், முறுக்கு. பாலக்கரையிலிருந்து ரஹ்மத் என்று ஒரு பெண் வருவாள், ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள். அவள் புருஷன் வளைகுடாவில் வேலை பார்த்த கம்பெனி மூடி, ஆறு மாதமாக அங்கிருந்து ஒரு தகவலும் இல்லாத நேரம் அது. ஒரு ஞாயிறு மூன்று பூவம்பழத்தைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்தாள். பீரோ மேல் அடுக்கியிருந்த டப்பாக்களைப் பார்த்தாள். பழத்தை முந்தானைக்குள்ளேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போனாள். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. பரிமளா பாலக்கரைக்கே போய்க் கேட்டு வந்தாள். அந்த மாதம் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "இனிமே யாரும் ஒரு கருவேப்பில கொத்துகூடக் கொண்டு வரக் கூடாது. கொண்டு வந்தா கீழயே வச்சுட்டுத்தான் ஏறணும். கை ரெண்டும் வீசிக்கிட்டு வாங்க." காரணத்தைச் சொல்லவில்லை. ரஹ்மத் திரும்பி வந்தாள். இதை எழுதலாமா என்று அவளைக் கேட்டேன். "எழுதுங்கக்கா. என் பேரப் போட்டே எழுதுங்க. எனக்காகத்தானே அந்தச் சட்டம் போட்டாங்க, கடைசில அது எங்க கொண்டு போய் விட்டுச்சு பாருங்க" என்றாள்.

அந்தச் சட்டத்தை மீறப் பார்த்தவர்கள் உண்டு. நானே ஒரு தடவை நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கொண்டு போனேன். "படியில வச்சுட்டு வாங்க" என்றாள். வைத்தேன். திரும்பிப் போகும்போது, "மறந்துட்டீங்களேக்கா" என்று அதே பாட்டிலை என் பையில் போட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு மாதம் பேசவில்லை. அவள் எதுவுமே நடக்காதது போல அடுத்த மாதத்து இரண்டாவது ஞாயிறுக்கு முதல் நாள் போன் செய்து, "நாளைக்கு என்னக்கா வைக்கட்டும்?" என்றாள்.

ஸ்ரீரங்கத்திலிருந்து என்னோடு பஸ்ஸில் வருகிற இன்னொருவர் ரங்கராஜன் மாமா. தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மாமி போன பிறகு தனியாக இருக்கிறார். வெளியில் சமைத்ததைச் சாப்பிட மாட்டார். ஆனாலும் ஒரு மாதம் தவறாமல் வருவார். பரிமளா அவருக்கென்று ஒரு தட்டு வைத்திருந்தாள். அதில் இரண்டு மலைப்பழம் இருக்கும்.

"மாமா, இன்னிக்கு உங்களுக்கு ஸ்பெஷல். பழத்த உரிச்சு சாப்பிடுறீங்களா, உரிக்காம சாப்பிடுறீங்களா?"

"அடியேனுக்கு இந்த கோஷ்டியே போறும்மா. பழம் உன் திருப்திக்கு" என்பார்.

கேலி செய்வாளே தவிர, ஒரு வாய் சாப்பிடுங்கள் என்று அவரை அவள் ஒரு நாளும் வற்புறுத்தியதில்லை. அவரும் எங்கள் தட்டைப் பார்த்து ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

அவள் போவதற்கு முந்தின மாதத்து ஞாயிறைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரசக் கரண்டியைக் கொடுத்துவிட்டுப் பரிமளா நிலையில் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சு விட்டாள். "ஏன்டி மூச்சு வாங்குது?" என்றேன். "மாடி ஏறுனேன்லக்கா." அவள் அன்று மத்தியானத்துக்குப் பிறகு கீழேயே இறங்கவில்லை. செல்வராஜ்தான் கடைக்குப் போய் வந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், ரசம் நன்றாக இருந்தது, இன்னும் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டேன். ஒன்பது பேர் அவள் முகத்துக்கு எதிரில் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

இனி அவள் போனதற்கு மறுநாள்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கரூரிலிருந்து அவள் தம்பி வந்து எல்லாவற்றையும் செய்தார். சனிக்கிழமை சாயங்காலமே ஓயாமாரியில் தகனம் முடிந்தது. ஞாயிறு காலை பால் தெளித்து, அஸ்தியை அம்மா மண்டபத்துக் காவிரிப் படித்துறையில் கரைத்தார்கள். தம்பியின் மனைவி கரூரில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். அதனால் மத்தியானமே அவர் கிளம்ப வேண்டியதாயிற்று. செல்வராஜுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, வீட்டில் விட்டுவிட்டு, எனக்குப் போன் செய்தார். "பாத்துக்குங்கக்கா. நீங்கல்லாம் இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் போறேன்" என்றார். "நாங்க இருக்கோம் தம்பி, போயிட்டு வாங்க" என்றேன்.

அன்று இரண்டாவது ஞாயிறு. யாரும் யாருக்கும் சொல்லிக்கொள்ளவில்லை. ஏழு மணிக்கு எல்லாரும் வந்துவிட்டோம். நான், ரங்கராஜன் மாமா, ரஹ்மத், கடையில் அவளோடு வேலை பார்த்த இரண்டு பெண்கள், எதிர் வீட்டுத் தம்பதி, இன்னும் இரண்டு பேர். கட்டில் சுவரோடு நிறுத்தியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்தோம். அடுப்படி நிலை மட்டும் காலியாக இருந்தது.

அவளைப் பற்றிப் பேசினோம். சிரித்தோம்கூட. செல்வராஜ் எங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஃபேன் அவர் தலைக்கு மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. புழுக்கம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் போனதும் அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்து, "எல்லாரும் உக்காந்தாச்சா? பரிமளா, எடுத்துட்டு வா" என்றார்.

கூடத்தில் அழாதவர் இல்லை.

"துக்கத்துல புத்தி தடுமாறறது. ஒண்ணும் சொல்லாதீங்கோ, தானாத் தெளியட்டும்" என்றார் ரங்கராஜன் மாமா. எல்லாரும் தலையாட்டினோம். செல்வராஜ் மறுபடியும், "ஏழு மணி ஆச்சே பரிமளா" என்றார். நாங்கள் மறுபடியும் அழுதோம்.

ரஹ்மத் ஆறுதலுக்காக அவர் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடாமல், "கை ஐஸ் மாதிரி இருக்கு" என்றாள். அவள் அம்மாவுக்கும் செல்வராஜைப் போலவே சர்க்கரை நோய் உண்டு. "அண்ணே, என்னப் பாருங்க. எப்பண்ணே சாப்டீங்க?"

"ஊசி போட்டுக்கிட்டேன்" என்றார். நாக்கு குழறியது. "ஆறரைக்கே போட்டுக்கிட்டேன். ஏழுக்குச் சாப்பாடுல்ல."

இத்தனை வருஷமாக இரண்டாவது ஞாயிறு ஆறரைக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு ஏழு மணிக்குத் தட்டின் முன்னால் உட்காருவது அவர் பழக்கம். அன்றைக்கும் கட்டிலை நிறுத்தினார், ஊசி போட்டுக்கொண்டார், உட்கார்ந்தார்.

"அண்ணனுக்கு யாருக்கா சாப்பாடு கொண்டாந்தது?" ரஹ்மத் கத்தினாள். "நேத்து யாரு குடுத்தது? காலையில யாரு?"

நான் எதிர் வீட்டுக்காரர்கள் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்களோ, பரிமளாவின் தம்பி ஓட்டலில் வாங்கிக் கொடுத்திருப்பார் என்று நினைத்திருந்தார்கள். கடைப் பெண்கள் நான் கொண்டு வருவேன் என்று நினைத்திருந்தார்கள். ஒன்பது பேரும் கையை வீசிக்கொண்டு வந்திருந்தோம்.

நம் ஊரில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கம்தான் சோறு ஆக்கிக் கொண்டுபோகும் என்பது எனக்குத் தெரியாததா? எத்தனை வீட்டுக்கு நான் வாளியில் சாம்பாரும் அண்டாவில் சோறுமாகக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கிளம்பும்போது என் மருமகள், "அத்தை, சும்மாவா போறீங்க?" என்றுகூடக் கேட்டாள். "அந்த வீட்டுக்கு எதையும் எடுத்துட்டுப் போகக் கூடாதுடி" என்று நான்தான் சொன்னேன். யோசிக்காமல் சொன்னேன். மரியாதை என்றுகூட நினைத்துச் சொன்னேன்.

செல்வராஜ் மெத்தையில் சரிந்தார். நான் அடுப்படிக்குள் ஓடினேன். அடுப்பு துடைத்தபடி இருந்தது. பிரிட்ஜில் அவள் வெள்ளிக்கிழமை அரைத்து வைத்த இட்லி மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்திருந்தது. சர்க்கரை டப்பாவைத் தேடினேன். சர்க்கரை நோயாளி இருக்கும் வீடு என்று அவள் சர்க்கரையே வாங்குவதில்லை. வெல்லமும் இல்லை. நான் மளிகை டப்பா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ரஹ்மத் செருப்பில்லாமல் படியிறங்கி ஓடி, முக்குக் கடையிலிருந்து மாம்பழ ஜூஸ் பாக்கெட்டும் ஒரு பொட்டலம் சர்க்கரையும் கொண்டு வந்தாள். விழுங்கத் தெம்பிருந்த வரைக்கும் வாயில் ஊற்றினாள். பிறகு சர்க்கரையை விரலில் தொட்டு அவர் கன்னத்தின் உட்பக்கம் தேய்த்தாள். ரங்கராஜன் மாமா ஆட்டோவுக்குப் போனார். அந்தக் குறுகிய படியில் செல்வராஜை நான்கு பேராகத் தூக்கி இறக்கினார்கள். முதல் நாள் அவளை இறக்கிய அதே படி.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. "இவர் கூட வீட்டுல யாரு இருந்தது?" என்று கேட்டார்.

"நாங்க இருந்தோம்மா. ஒன்பது பேர்."

"ஒன்பது பேர் இருந்தீங்க, ஒருத்தர்கூடச் சாப்பிட்டாரான்னு கேக்கலையா?"

எழுபத்தொரு வயசில் என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். என் பக்கத்தில் ரங்கராஜன் மாமா தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

நான்கு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ஊசி போடாமல் விட்டாலும் ஆபத்து, போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாலும் ஆபத்து என்று எங்களிடம் இரண்டு தடவை சொன்னார்கள். கரூருக்கு வந்துவிடுங்கள் என்று தம்பி கூப்பிட்டார். செல்வராஜ் மாட்டேன் என்றார். ஒரு மெஸ்ஸிலிருந்து இரண்டு வேளையும் சாப்பாடு வர ஏற்பாடு செய்தார் தம்பி. செல்வராஜ் அதைத் திறக்காமல் திருப்பி அனுப்பினார். ரொட்டியைப் பிய்த்துத் தண்ணீரில் நனைத்து, ஊசிக்காக ஏதோ விழுங்கிக்கொண்டிருக்கிறார் என்று எதிர் வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் விடிந்ததும் எழுந்து சமைத்து, கேரியரில் எடுத்துக்கொண்டு போனேன். அவசரத்தில் நான் ஒரு வாய் காபியோடு கிளம்பிவிட்டேன். அவர் பாதிக் கதவைத் திறந்தார். முகம் வற்றிப் போயிருந்தது. கேரியரைப் பார்த்தார்.

"இந்த வீட்டுக்கு யாரும் எதுவும் கொண்டு வரக் கூடாதுக்கா."

"அந்தச் சட்டம் போட்டவ போயிட்டா தம்பி."

"அவ போயிட்டா. வீடு இருக்குல்ல."

"உங்க பிடிவாதத்துல உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அதுவும் எங்க தலையிலதான் விழும். ஒரு தடவை விழுந்தது போதாதா?"

"விழட்டும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திரும்பிப் போயிருப்பேன். வேறொருவர் வீட்டு வாசலில் இப்படி நிற்க வைக்கப்பட்டால் நான் திரும்பிப் பார்க்காமல் போகிறவள். இரண்டு படி இறங்கினேன். கால் வரவில்லை. அவள் உட்கார்ந்த படி எதுவென்று எனக்குத் தெரியாது, ஏதோ ஒரு படியில் உட்கார்ந்தேன். மணி பத்தாகியிருந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. மேலே பார்க்காமலேயே சொன்னேன்:

"தம்பி, எனக்குப் பசிக்குது. ஏதாவது போடுங்க."

கதவைச் சாத்தும் சத்தம் கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து உள்ளே பாத்திரம் உருண்டது. அடுப்புப் பற்றவைக்கும் லைட்டர் நாலைந்து தடவை சொடுக்கியது. அவர் ஒரு நாளும் சமைத்தவர் இல்லை. "வாங்கக்கா" என்று கூப்பிட்டபோது போனேன். கட்டிலைச் சுவரோடு நிறுத்தியிருந்தார். நான் ஒருத்தி உட்காருவதற்கு அது தேவையே இல்லை. தட்டில் ரவா உப்புமா. கட்டி கட்டியாக, அடிப்பிடித்து, உப்பு இரட்டிப்பாக.

"உங்க தட்டு எங்க?"

"நீங்க சாப்பிடுங்க."

"நான் ஒருத்தி சாப்பிட, நீங்க மொகத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்களா? நான் என்ன ஓட்டல்லயா உக்காந்திருக்கேன்?"

இன்னொரு தட்டு எடுத்துவந்தார். நான் ஒரு வாய் எடுத்தால் அவரும் ஒரு வாய் எடுத்தார். நான் நிறுத்தினால் நிறுத்தினார். அதனால் அந்த உப்புமாவை நான் கடைசிக் கட்டி வரைக்கும் தின்றேன். கேரியரை அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்து வந்தேன்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், ஒருவர் வீட்டு வாசலில் நின்று பசிக்கிறது என்று கேட்கத் தெரிந்ததைத்தான் சொல்வேன். பதினோரு வருஷம் அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டும் அது எனக்கு வரவில்லை. அதைக் கேட்க அவள் இல்லாத பிறகு வந்தது. அவள் மூச்சு வாங்கியதைப் பார்த்தும் ரசம் வாங்கிக்கொண்ட கையும் என்னுடையதுதான். அதையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது செவ்வாய் நான் போகிறேன். வெள்ளி ரஹ்மத் போகிறாள். ஞாயிறு ரங்கராஜன் மாமா. அவருக்காகச் செல்வராஜ் மார்க்கெட் வரை நடந்துபோய்ப் பழம் வாங்கி வருகிறார், தனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொள்கிறார். மற்ற நான்கு நாளைக்கு ஆள் இல்லை. அந்த நாட்களில் அவர் ரொட்டியோடுதான் இருக்கிறார். அவள் கையால் சாப்பிட்டவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். போகிறவர்கள் உங்கள் வீட்டில் எதையும் தின்றுவிட்டுப் போகாதீர்கள். போன வாரம் நான் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போய், பசிக்கிறது என்று சொல்லி, தட்டில் பாதியை மிச்சம் வைத்தேன். செல்வராஜ் என் தட்டைப் பார்த்தார். தன் தட்டையும் கீழே வைத்துவிட்டார்.